மறுக்கும் உரிமையும் மாறும் மனமும்

உத்தரப் பிரதேசத்தின் மேற்கு மாவட்டங்களில் போலியோ சொட்டு மருந்துக் குழுவினர் ஒரு வீட்டிலிருந்து கிளம்பும்போது, கதவோரச் சுவரில் சாக்கட்டியால் ஓர் எழுத்தை எழுதிவிட்டுப் போவார்கள். வீட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் அனைவருக்கும் மருந்து கொடுத்தாகிவிட்டது என்றால் ‘பி’. ஒரு குழந்தை விடுபட்டிருந்தாலும், பெற்றோர் மறுத்திருந்தாலும் ‘எக்ஸ்’. ‘எக்ஸ்’ எழுதிய வீட்டுக்கு மறுபடியும் போக வேண்டும். மறுபடியும் கேட்க வேண்டும். 2002ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் 1,600 குழந்தைகளைப் போலியோ தாக்கியது. அவர்களில் முக்கால் பங்குக்கும் மேற்பட்டோர் அந்த ஒரு மாநிலத்துக் குழந்தைகள்.

அரசிடம் மருந்து இருந்தது, பணம் இருந்தது, வீடு வீடாக அனுப்ப ஆட்களும் இருந்தார்கள். ஒரு தாய் தன் குழந்தையை வெளியே தூக்கி வரச் சம்மதிப்பதுதான் பாக்கி. அந்தச் சம்மதம் ஆணைக்குக் கிடைக்கவில்லை. விளம்பரத்துக்கும் முழுதாகக் கிடைக்கவில்லை. ஆனால் ஒன்பது ஆண்டுகளுக்குள் கிடைத்தது. இயற்கையில் பரவும் போலியோ வைரஸால் இந்தியாவில் கடைசியாகப் பாதிக்கப்பட்டது மேற்கு வங்கத்தின் ஹவுரா மாவட்டத்துக் குழந்தை ஒன்று; நோய் தெரிந்தது 2011 ஜனவரி 13 அன்று. 2014 மார்ச் 27 அன்று உலக சுகாதார நிறுவனம், இந்தியா அடங்கிய தென்கிழக்கு ஆசிய வட்டாரத்தைப் போலியோ அற்றதாக அறிவித்தது.

இந்த வெற்றியை மருத்துவத்தின் கணக்கில் மட்டும் எழுதிவிட முடியாது. பிறர் மனத்தை அவர்களுடைய மதிப்பு குறையாமல் மாற்றுவது எப்படி என்ற கேள்விக்கு நம் காலத்தில் கிடைத்த மிகப் பெரிய நடைமுறை விடைகளுள் ஒன்று அதில் இருக்கிறது. அலுவலகத்தில் ஒரு குழுவை நடத்துபவருக்கும், பள்ளித் தலைமை ஆசிரியருக்கும், ஊராட்சித் தலைவருக்கும், நோயாளியிடம் பேசும் மருத்துவருக்கும் அந்தக் கேள்வி அன்றாடம் வருகிறது. இக்கட்டுரையின் வாதம் இரண்டு பகுதிகள் கொண்டது. எதிரில் இருப்பவருக்கு ‘மாட்டேன்’ என்று சொல்லும் உரிமை மெய்யாகவே இருந்தால்தான் அவர் சொல்லும் ‘சரி’ நிலைக்கும். அந்த ‘மாட்டேன்’ என்ற சொல்லுக்குள் இருக்கும் செய்தியைக் கேட்டுத் தன் திட்டத்தைத் திருத்திக்கொள்ளும் தலைவரால்தான் பிறரை மாற்ற முடியும்.

சொல்லிக்கொடுத்தல், கேட்டறிதல்

இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவில் நல்ல இறைச்சி படைகளுக்குப் போய்க்கொண்டிருந்தது. வீடுகளில் மாட்டின் இதயம், சிறுநீரகம், கணையம் போன்ற உள்ளுறுப்புகளைச் சமைக்க மக்களைப் பழக்க முடியுமா என்று அரசு யோசித்தது. சத்தும் உண்டு, விலையும் குறைவு. ஆனால் பெரும்பாலான இல்லத்தரசிகளுக்கு அவற்றின் மீது அருவருப்பு. தேசிய ஆராய்ச்சி மன்றத்தின் உணவுப் பழக்கக் குழு இதை ஆராய்ந்தது. அதன் நிர்வாகச் செயலாளர் மானிடவியலாளர் மார்கரெட் மீட். சோதனையை வடிவமைத்தவர், 1933இல் ஹிட்லரின் ஜெர்மனியை விட்டு வெளியேறி, அப்போது ஐயோவா பல்கலைக்கழகத்தில் இருந்த யூத உளவியலாளர் கர்ட் லெவின்.

செஞ்சிலுவைச் சங்கத் தன்னார்வலர்களான பெண்களை அவர் ஆறு குழுக்களாகப் பிரித்தார். குழுவுக்குச் சுமார் 13 முதல் 17 பேர். மூன்று குழுக்களுக்கு நல்ல பேச்சாளர் ஒருவர் சொற்பொழிவாற்றினார். சத்து, சிக்கனம், போர்க்காலக் கடமை, சமைக்கும் முறை என எல்லாவற்றையும் விளக்கினார். மற்ற மூன்று குழுக்களில் கலந்துரையாடல். ‘உங்களைப் போன்ற பெண்கள் இதைச் சமைக்கத் தயங்குவது எதனால்?’ என்பதிலிருந்து அது தொடங்கியது. கணவர் முகம் சுளிப்பார், சமைக்கும்போது வாடை வரும் என்றெல்லாம் தடைகளை அவர்களே சொன்னார்கள். அதன் பிறகுதான் சமையல் குறிப்புகள் வந்தன. முடிவில், அடுத்த வாரத்துக்குள் முயன்று பார்க்க விரும்புகிறவர்கள் கை உயர்த்தலாம் என்று கேட்கப்பட்டது. இருவகைக் கூட்டத்துக்கும் ஏறக்குறைய ஒரே நேரம், சுமார் 45 நிமிடம்தான். பிறகு விசாரித்தபோது, அதுவரை சமைத்திராத உறுப்பு ஒன்றைச் சமைத்தவர்கள் சொற்பொழிவுக் குழுக்களில் 3 சதவீதம். கலந்துரையாடல் குழுக்களில் 32 சதவீதம்.

இந்த எண்களை அளவுக்கு மேல் நம்பக் கூடாது. குழுக்கள் சிறியவை. கலந்துரையாடலை நடத்தியவர் அத்துறையில் தேர்ந்தவர். பின்னர் விசாரிப்போம் என்பது கலந்துரையாடல் குழுக்களுக்கு முன்பே தெரியும். பேச வைத்தது, கை உயர்த்த வைத்தது, மற்றவர்களும் கை உயர்த்துவதைப் பார்க்க வைத்தது ஆகியவற்றில் எது எவ்வளவு வேலை செய்தது என்பதை இந்தச் சோதனையால் பிரித்துக் காட்ட முடியாது. ஆனால் திசை தெளிவாக இருக்கிறது. சொற்பொழிவு கேட்ட பெண்களுக்குக் காரணங்கள் எல்லாம் தெரிந்திருந்தன. தங்கள் தயக்கத்தை வெளியே வைக்க இடம் மட்டும் கிடைக்கவில்லை. சொல்லப்படாத தயக்கம் அவர்களோடு வீடு வரை போய் அடுக்களையில் முடிவெடுத்தது.

லெவின் தன் மாணவர்களோடு சேர்ந்து 1930களின் இறுதியில் சிறுவர் மன்றங்களில் செய்த ஆய்வும் இதற்குத் துணை நிற்கிறது. எல்லாவற்றையும் தாமே கட்டளையிட்ட தலைவரின் கீழ், அவர் அறையில் இருக்கும்வரை வேலை மும்முரமாக நடந்தது. அவர் வெளியே போனதும் சரிந்தது. சிறுவர்களோடு கலந்து முடிவெடுத்த தலைவர் வெளியே போனபோது வேலையில் பெரிய மாற்றம் இல்லை. ஒரு தலைவரின் செல்வாக்கை அவர் இல்லாத அறையில்தான் அளக்க வேண்டும் என்பது இதிலிருந்து கிடைக்கும் பாடம்.

இதன் உளவியல் அடிப்படையை 1966இல் ஜாக் பிரெம் என்ற அமெரிக்க உளவியலாளர் ஒரு கோட்பாடாக வகுத்தார். தன் விருப்பப்படி செயல்படும் சுதந்திரம் பறிபோவதாக ஒருவர் உணர்ந்தால், அதை மீட்டெடுக்கும் உந்துதல் அவருக்குள் எழுகிறது. நல்ல யோசனையைக்கூட எதிர்க்கத் தோன்றுகிறது. குடிப்பழக்கச் சிகிச்சையில் இதை வில்லியம் மில்லர் நேரடியாகக் கண்டார். அவரும் அவருடைய சகாக்களும் 1993இல் வெளியிட்ட ஆய்வில், ஆலோசகர் எவ்வளவுக்கு எவ்வளவு முகத்துக்கு நேராகச் சாடினாரோ அவ்வளவுக்கு அவ்வளவு அந்த நோயாளி ஓராண்டு கழித்தும் கூடுதலாகக் குடித்துக்கொண்டிருந்தார். மாறுவதற்கான காரணத்தை ஆலோசகர் அடுக்கினால், மாறாமலிருப்பதற்கான காரணத்தை நோயாளி அடுக்குகிறார். தன் வாயால் சொன்னதையே நம்பவும் தொடங்குகிறார். ஆகவே மாற்றத்துக்கான காரணத்தை நோயாளியின் வாயிலிருந்தே வரவழைக்கும் உரையாடல் முறையை மில்லர் 1983இல் முன்வைத்தார். ஸ்டீபன் ரோல்னிக்குடன் சேர்ந்து 1991இல் அதை நூலாக விரித்தார். நீரிழிவு, புகைப்பழக்கம், மருந்தை ஒழுங்காக எடுத்துக்கொள்ளுதல் எனப் பல துறைகளில் அது இன்று பயிற்றுவிக்கப்படுகிறது.

கட்டாயம் விட்டுச்சென்ற கடன்

ஆய்வுக்கூடத்தில் மென்மையாகத் தெரியும் இந்த உண்மை நாட்டின் வரலாற்றில் கொடுமையாக வெளிப்பட்டது. 1975 முதல் 1977 வரை நீடித்த நெருக்கடி நிலையின்போது குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டத்தை அரசு இலக்குகளாக்கியது. மாவட்டத்துக்கு இவ்வளவு, அதிகாரிக்கு இவ்வளவு என்று அறுவைச் சிகிச்சைகள் பங்கிடப்பட்டன. ஆசிரியர்களுக்குச் சம்பளமும் ஏழைகளுக்கு ரேஷனும் அந்த எண்ணிக்கையோடு முடிச்சுப் போடப்பட்ட இடங்கள் உண்டு. 1976 நவம்பரில் ஹரியானாவின் உத்தாவர் கிராமத்தைப் போலீஸ் சூழ்ந்து ஆண்களை அள்ளிச் சென்றது. 1976-77ஆம் ஓராண்டில் நாடெங்கும் நடந்த கருத்தடை அறுவைச் சிகிச்சைகள் 80 லட்சத்துக்கும் மேல்; அவற்றில் சுமார் 62 லட்சம் ஆண்களுக்கு.

அந்த ஆண்டின் கோப்புகளில் அது மாபெரும் சாதனை. ஆனால் 1977 தேர்தலில் அரசே கவிழ்ந்தது. ஆண்களுக்கான கருத்தடை என்ற எளிய, பாதுகாப்பான முறை நாட்டின் நினைவில் அவமானத்தோடு ஒட்டிக்கொண்டது. 2019-21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, மணமான பெண்களில் 37.9 சதவீதத்தினர் தாங்களே கருத்தடை அறுவைச் சிகிச்சை செய்துகொண்டிருக்கிறார்கள். கணவர் செய்துகொண்டதாகச் சொன்னவர்கள் 0.3 சதவீதம். இதற்கு ஆணாதிக்கம் உள்ளிட்ட வேறு காரணங்களும் உண்டு. ஆனால் அந்த இரண்டு ஆண்டுகளின் வடு அவற்றுள் ஒன்று. கட்டாயப்படுத்தியவர்கள் வேறு யாரோ. அதன் சுமையை இன்றுவரை உடலில் ஏற்றுக்கொண்டிருப்பவர்கள் பெண்கள்.

கடன் அங்கேயும் தீரவில்லை. கால் நூற்றாண்டு கழித்து அதே வட இந்தியத் தெருக்களில் அரசு ஊழியர்கள் சொட்டு மருந்தோடு கதவைத் தட்டியபோது, இது நம் பிள்ளைகளை மலடாக்கும் மருந்து என்ற வதந்தி பரவியது. முஸ்லிம் குடியிருப்புகளில் அது ஆழமாக வேரூன்றியது. படித்தவர்கள் பலர் அதை அறியாமை என்று தள்ளினார்கள். அதே அரசு, அதே ஊர்களில், பிள்ளைப்பேறு சம்பந்தமாகத்தான் ஒரு தலைமுறைக்கு முன்னால் கட்டாயப்படுத்தியது என்பதை நினைத்துப் பார்த்தால், அந்த அச்சத்துக்கு ஒரு வரலாறு இருந்தது புரியும். மறுப்பவரிடம் அறிவு குறைவாக இருக்கிறது என்று முடிவுகட்டுவதற்கு முன்னால், நம்மிடம் இல்லாத எந்த நினைவு அவரிடம் இருக்கிறது என்று கேட்பது நல்ல தலைமையின் முதல் வேலை.

கதவைத் திறந்தவர்கள்

உத்தரப் பிரதேசத்தில் மாற்றம் மூன்று வழிகளில் வந்தது.

முதலாவது, யார் பேசுவது என்பது மாறியது. யுனிசெப்பும் பிற அமைப்புகளும் சேர்ந்து மறுப்பு அதிகமுள்ள பகுதிகளில் சமூக அணிதிரட்டல் வலைப்பின்னல் ஒன்றைக் கட்டின. உத்தரப் பிரதேசத்திலும் பீகாரிலும் அதில் ஏழாயிரம் பேர் அளவில் வேலை செய்தார்கள். பெரும்பாலோர் பெண்கள், பலர் அந்தந்தத் தெருவிலேயே குடியிருப்பவர்கள். ஒவ்வொருவருக்கும் சில நூறு வீடுகள் பொறுப்பு. எந்த வீட்டில் யார் கர்ப்பமாக இருக்கிறார், எந்தக் குழந்தைக்குக் காய்ச்சல் என்பதெல்லாம் அவருடைய பதிவேட்டில் இருக்கும். மருந்து நாளன்று மட்டும் வந்து போகும் முகமாக அவர் இருக்கவில்லை. அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகம், ஜாமியா மிலியா இஸ்லாமியா, ஜாமியா ஹம்தர்த் ஆகிய கல்வி நிறுவனங்களும் துணைக்கு வந்தன. பள்ளிவாசல்களிலிருந்து இமாம்கள் அறிவிப்பு செய்தார்கள். தெருக் குழந்தைகளே கூட்டமாகச் சென்று தம்பி தங்கைகளை மருந்து முகாமுக்கு அழைத்து வந்தார்கள்.

இரண்டாவது, மறுப்புக்குள் இருந்த குறையைக் காது கொடுத்துக் கேட்டார்கள். ‘குடிக்க நல்ல தண்ணீர் இல்லை, சாக்கடை வீட்டு வாசலில் ஓடுகிறது, காய்ச்சல் என்று போனால் டாக்டர் இல்லை; இந்த ஒரு மருந்துக்கு மட்டும் ஏன் இத்தனை தடவை வருகிறீர்கள்?’ என்பது அந்தக் குறையின் சாரம். இது ஏய்ப்புப் பேச்சு அல்ல, நியாயமான கேள்வி. இதற்கு வாயால் பதில் சொல்லிப் பயனில்லை. மருத்துவ முகாம்கள் நடத்தப்பட்டன. 2009இல் நோய் விடாமல் நீடித்த 107 வட்டாரங்கள், உத்தரப் பிரதேசத்தில் 66, பீகாரில் 41, தனியாக அடையாளம் காணப்பட்டன. அங்கே சொட்டு மருந்தோடு சுகாதாரம், கைகழுவுதல், தாய்ப்பால், வயிற்றுப்போக்குக்கு உப்புக் கரைசலும் துத்தநாக மாத்திரையும், பிற தடுப்பூசிகள் எல்லாம் ஒரே திட்டமாக இணைக்கப்பட்டன. மக்கள் கேட்டது முழுதாகக் கிடைத்துவிடவில்லை. ஆனால் அவர்கள் கேட்டது திட்டத்தின் வடிவத்தையே மாற்றியது.

மூன்றாவது, மக்களின் சந்தேகத்தில் இருந்த உண்மையை அறிவியலும் கண்டுகொண்டது. ‘இத்தனை முறை கொடுத்த பிறகும் பிள்ளைக்குப் போலியோ வருகிறதே’ என்று பெற்றோர் கேட்டது வெறும் புலம்பல் அல்ல. உத்தரப் பிரதேசத்தில் மூன்று வகை வைரஸ்களையும் எதிர்க்கும் பழைய சொட்டு மருந்தின் ஒரு தவணை தரும் பாதுகாப்பு, போலியோ குறைந்த பிற மாநிலங்களில் கிடைப்பதில் பாதிகூட இல்லை என்று 2006இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. நெருக்கடியான குடியிருப்பும், ஓயாத வயிற்றுப்போக்கும், பிற குடல் தொற்றுகளும் மருந்தின் திறனைக் குறைத்தன. ஒரு வகை வைரஸை மட்டும் குறிவைக்கும் மருந்து 2005இலும், இரு வகைகளை எதிர்க்கும் மருந்து 2010 ஜனவரியிலும் வந்தன. 2009இல் 741 ஆக இருந்த பாதிப்பு 2010இல் 42ஆகக் குறைந்தது. 2011இல் ஒன்றே ஒன்று.

புதிய மருந்து இல்லாமல் இந்த வீழ்ச்சி நடந்திருக்காது. கதவுகள் திறக்காமல் இருந்திருந்தால் புதிய மருந்தும் குழந்தைகளின் வாயை எட்டியிருக்காது. மதிப்பான பேச்சால் தரமற்ற பொருளை நெடுநாள் விற்க முடியாது. தரமான பொருளும் மதிப்பில்லாத பேச்சால் வீடு சேராது.

தலைவர் தன் ஆட்களிடம் கேட்டது

வெளியாரிடம் பணிவாகப் பேசிவிட்டு உள்ளே தன் ஊழியர்களிடம் ஆணையிட்டே பழகிய நிறுவனங்கள் பல. பிறர் மனத்தை மாற்றப் புறப்படும் தலைவர் முதலில் மாற்றிக்கொள்ள வேண்டியது தன் வீட்டு நடைமுறையை என்பதற்கு வங்கதேசம் ஒரு சான்று.

உப்பும் சர்க்கரையும் சரியான அளவில் கலந்த நீரைக் குடிக்கக் கொடுத்தால் காலரா நோயாளியைக் காப்பாற்றலாம் என்பது 1968இல் டாக்காவில் நடந்த ஆய்வில் உறுதியானது. 1971 போரின்போது எல்லையோரம் பங்கான் அகதி முகாமில் டாக்டர் திலீப் மகாலானபிஸ் அதைப் பெருமளவில் பயன்படுத்தினார். 30 சதவீதம் அளவில் இருந்த இறப்பு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. இருந்தும் பல ஆண்டுகள் கழித்தும் வங்கதேசக் கிராமங்களில் குழந்தைகள் வயிற்றுப்போக்கால் இறந்துகொண்டிருந்தார்கள். ஃபஸ்லே ஹசன் ஆபேத் 1972இல் தொடங்கிய பிராக் என்ற தொண்டு நிறுவனம் இதை வீடுகளுக்குக் கொண்டுசெல்லத் துணிந்தது. 1980 முதல் 1990 வரை அதன் பெண் ஊழியர்கள் குழுக்களாகக் கிராமம் கிராமமாக நடந்து 1.2 கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்குப் போனார்கள். அரை சேர் தண்ணீர், மூன்று விரலால் எடுத்த ஒரு சிட்டிகை உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம். பாக்கெட் வேண்டாம், கடை வேண்டாம், டாக்டர் வேண்டாம்.

கற்பித்த ஊழியருக்குக் கூலி, அவர் எத்தனை வீட்டுக்குப் போனார் என்பதைப் பொறுத்து அமையவில்லை. சில வாரங்கள் கழித்து மேற்பார்வையாளர் குலுக்கல் முறையில் வீடுகளைத் தேர்ந்து அந்தத் தாய்மாரிடம் விசாரிப்பார். அவர்களுக்கு எவ்வளவு நினைவிருக்கிறது, கலந்து காட்டும் கரைசல் சரியாக இருக்கிறதா என்பதை வைத்துக் கூலி கணக்கிடப்பட்டது. பேசியவரின் உழைப்பு கேட்டவரின் தேர்ச்சியால் அளக்கப்பட்டது. தொடர்பியலில் இதைவிட நேர்மையான அளவுகோல் அரிது.

அப்படியும் ஒரு சிக்கல். தாய்மார்களுக்குப் பாடம் நினைவிருந்தது. கரைசலும் சரியாகக் கலந்தார்கள். ஆனால் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வந்தபோது அதைக் கொடுத்தவர்கள் மிகச் சிலரே. ‘தாய்மார்கள் அலட்சியம்’ என்று அறிக்கை எழுதி முடித்திருக்கலாம். பிராக் அப்படிச் செய்யாமல் காரணம் தேடியது. தேடியபோது கிடைத்தவை எல்லாம் கற்பித்தவர்களின் பக்கத்துக் குறைகளாக இருந்தன.

ஊழியர்களில் பலருக்கே அதில் நம்பிக்கை இல்லை. தங்களுக்கு வயிற்றுப்போக்கு வந்தால் அவர்கள் மாத்திரைதான் சாப்பிட்டார்கள். அவர்களைத் தண்டிக்காமல் டாக்காவின் வயிற்றுப்போக்கு ஆய்வு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார்கள். கரைசல் எப்படி வேலை செய்கிறது என்பதைக் கண்ணால் பார்க்க வைத்தார்கள். அதன் பிறகு அவர்கள் கிராமத்தில் கரைசலைத் தாங்களும் குடித்துக் காட்டிப் பேசினார்கள். அடுத்த குறை: ஆண்களிடம் யாரும் பேசவில்லை. மருத்துவச் செலவை முடிவுசெய்யும் கணவனுக்கு விஷயம் தெரியாதபோது, மனைவி துணிந்து வெல்லத் தண்ணீரைக் கொடுப்பது எப்படி? சந்தையிலும் பள்ளிவாசலிலும் பள்ளிக்கூடத்திலும் ஆண்களைக் கூட்டிப் பேசினார்கள். மூன்றாவது குறை இன்னும் நுட்பமானது. கிராமத்தார் வயிற்றுப்போக்கை நான்கு வகையாகப் பிரித்து வைத்திருந்தார்கள். கைக்குழந்தைக்குத் தாய்ப்பாலால் வருவது ஒன்று, செரிமானக் கோளாறு ஒன்று, சீதபேதி ஒன்று, தண்ணீராகப் போகும் கடும்பேதி ஒன்று. ஊழியர்கள் பயன்படுத்திய பெயர் நான்காவது வகைக்கு மட்டுமே உரியதாக அவர்களுக்குப் பட்டது. ஆகவே அதற்கு மட்டும் கரைசலைக் கொடுத்தார்கள். சொன்னதை அவர்கள் மீறவில்லை. தங்கள் அறிவுக்கேற்பத் துல்லியமாகப் பின்பற்றினார்கள். அந்தப் பகுப்பைப் புரிந்துகொண்ட பிறகுதான் கற்பிக்கும் முறை திருந்தியது.

பயன்பாடு படிப்படியாக ஏறியது. இன்று வயிற்றுப்போக்கு கண்ட குழந்தைக்கு உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுக்கும் வழக்கம் உலகிலேயே மிகப் பரவலாக உள்ள நாடுகளுள் வங்கதேசமும் ஒன்று. எழுதப் படிக்கத் தெரியாத கோடிக்கணக்கான பெண்களைத் தன் நிறுவனத்தின் தவறுகளைக் கண்டறியும் ஆசிரியர்களாக ஏற்றதுதான் ஆபேத் காட்டிய தலைமை.

மதிப்புக்கும் தந்திரத்துக்கும் நடுவே

இங்கே ஒரு கடினமான கேள்வியை எதிர்கொள்ள வேண்டும். மதிப்போடு பேசினால் காரியம் நடக்கும் என்பது ஆய்வில் நிறுவப்பட்டுவிட்டால், மதிப்பே ஒரு தந்திரமாகிவிடாதா?

ஆகலாம். பிரெஞ்சு ஆய்வாளர்கள் நிக்கோலா கெகெனும் அலெக்சாந்தர் பாஸ்குவலும் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஒரு சோதனையில், தெருவில் போகிறவரிடம் பேருந்துக் கட்டணத்துக்குச் சில்லறை கேட்கப்பட்டது. வெறுமனே கேட்டபோது 10 சதவீதத்தினர் கொடுத்தார்கள். கொடுப்பதும் மறுப்பதும் உங்கள் விருப்பம் என்ற பொருளில் ஒரு வாக்கியத்தைச் சேர்த்துக் கேட்டபோது 47.5 சதவீதத்தினர் கொடுத்தார்கள். பின்னர் நடந்த பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோதும் இந்த வாக்கியத்தின் பலன் பொதுவாக உறுதிப்பட்டது. சுதந்திரத்தை நினைவூட்டுவது சம்மதத்தைக் கூட்டுகிறது. இதை ஒரு விற்பனையாளர் மனப்பாடம் செய்துகொண்டால் அதன் பெயர் மதிப்பு இல்லை. மறுத்தால் முகம் கறுப்பவரின் வாயில் அந்த வாக்கியம் பொய்யாகிறது.

பிரித்தறிய மூன்று சோதனைகளை முன்வைக்கிறேன். ஒன்று, வெளிப்படைத்தன்மை: நான் கையாளும் முறையை எதிரில் இருப்பவரிடம் அப்படியே விளக்கினாலும் அது வேலை செய்யுமா? உத்தரப் பிரதேசத்தின் தெருப் பெண் ஊழியர் ‘நான் உங்களைச் சம்மதிக்க வைக்கத்தான் வந்திருக்கிறேன்’ என்று சொல்லியே பேசலாம். அதனால் எதுவும் கெடாது. இரண்டு, மறுப்பின் விலை: மறுப்பவர் தன் சம்பளத்தை, பதவி உயர்வை, ரேஷனை, குழுவில் தன் இடத்தை இழப்பாரா? இழப்பார் என்றால் அவர் சொல்லும் ‘சரி’யை நம் வெற்றியாக எண்ணக் கூடாது. மூன்று, இருவழி மாற்றம்: இந்த உரையாடலில் நான் மாறிய இடம் ஏதாவது உண்டா? ஓராண்டாகப் பலரிடம் பேசி, ஒருமுறைகூடத் தன் திட்டத்தில் ஒரு வரியையாவது மாற்றாத தலைவர் கலந்துரையாடவில்லை, அறிவிப்பு செய்திருக்கிறார்.

திருக்குறளின் அமைப்பு இங்கே நினைவுக்கு வருகிறது. பரிமேலழகர் கொண்ட பகுப்பின்படி, சொல்வன்மை என்னும் அதிகாரம் அமைச்சருக்குரிய பகுதியில் வருகிறது. அதற்கு அடுத்த அதிகாரம் வினைத்தூய்மை. அதே பகுதியில் சற்றுத் தள்ளிக் குறிப்பறிதலும் அவையறிதலும் வருகின்றன. அமைச்சர் அரசனுக்கு ஆணையிட முடியாதவர்; சொல்லித்தான் ஆக வேண்டியவர். அவருக்குச் சொல்லின் வலிமையைச் சொன்ன கையோடு செயலின் தூய்மையையும், எதிரில் இருப்போரை அறியும் திறனையும் நூல் வேண்டுகிறது. பேச்சுத் திறனைத் தனிக்கலையாகப் பிரித்து விற்கும் இன்றைய பயிற்சி வகுப்புகள் இந்த வரிசையை எண்ணிப் பார்க்க வேண்டும்.

அவசரம் வரும்போது

எல்லா நேரத்திலும் கேட்டுக்கொண்டிருக்க முடியுமா என்பது நியாயமான எதிர்வாதம். வெள்ளம் ஊருக்குள் நுழையும்போது கலெக்டர் கருத்துக் கேட்டுக் கூட்டம் போட முடியாது. அறுவைச் சிகிச்சை அறையில் மருத்துவர் சொன்னதை உடனே செய்தாக வேண்டும். சில ஆணைகள் தேவை. பிறருக்குத் தீங்கு வரும் இடத்தில் சட்டத்தின் கட்டாயமும் தேவை. இதை மறுக்க வேண்டியதில்லை.

ஆனால் அவசரத்தில் பிறப்பிக்கும் ஆணையை மக்கள் ஏற்பது, அவசரம் இல்லாத நாட்களில் சேர்த்த நம்பிக்கையின் பலத்தால். சாதாரண நாட்களில் வீட்டுக்கு வந்து குறை கேட்ட அதிகாரி, வெள்ள நாளில் ‘கிளம்புங்கள்’ என்றால் கிளம்புவார்கள். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அவசரம் என்று நாம் சொல்லும் பலவற்றில் உண்மையான அவசரம் இல்லை. நெருக்கடி நிலைக்கால இலக்குகளும் அவசரம் என்ற பெயரில்தான் வந்தன. அலுவலகத்தில் ‘விளக்க நேரமில்லை’ என்று வெளியாகும் சுற்றறிக்கைகளில் பல, பிறகு விளக்கம் சொல்லியும் திருத்தம் வெளியிட்டும் பல மடங்கு நேரத்தை விழுங்குகின்றன. லெவினின் சோதனையில் இருவகைக் கூட்டத்துக்கும் ஆன நேரம் ஒன்றுதான். வேறுபட்டது அந்த நேரத்தில் பேசியவர் யார் என்பது.

இவற்றிலிருந்து தலைவர் ஒருவர் எடுத்துக்கொள்ளக்கூடிய நடைமுறைகள் எளியவை. தன் முடிவை அறிவிக்கும் முன், இதை ஏற்பதில் என்ன தடை என்று கேட்பது. வரும் மறுப்புகளை, சொன்னவர் பெயருக்காக இல்லாமல் சொன்ன காரணத்துக்காக எழுதி வைப்பது. அவற்றில் எது நம் திட்டத்தின் குறை, எது தகவல் குறை, எது பழைய காயம் என்று பிரிப்பது. ஏனென்றால் மூன்றுக்கும் மருந்து வேறு. அடுத்த முறை போகும்போது எதையாவது மாற்றிக்கொண்டு போவது. பேசுவதற்குத் தன்னைவிடத் தகுந்தவர் அந்தக் குழுவுக்குள்ளேயே இருந்தால் அவரைப் பேச விட்டு ஒதுங்குவது. தான் நம்பாத ஒன்றைப் பிறர் நம்ப வேண்டும் என்று எதிர்பார்க்காமலிருப்பது. தமிழ்நாட்டில் குடியரசு நாள், சுதந்திர நாள், காந்தி பிறந்த நாள் முதலிய நாட்களில் கூடும் கிராமசபைகளில், தீர்மானத்தை வாசித்துக் கையெழுத்து வாங்குவதற்கு முன்னால் இந்த முதல் கேள்வியை மட்டும் மெய்யாகவே கேட்டால்கூடக் கூட்டத்தின் தன்மை மாறும்.

மனிதர்களைத் தள்ளி நகர்த்தலாம். அதற்கு அதிகாரம் போதும். அவர்களாகவே நடக்கும்படி செய்ய, அவர்கள் நின்ற இடத்துக்கு ஏதோ ஒரு காரணம் இருக்கும் என்று நம்பும் பணிவு வேண்டும். மலட்டு மருந்தோ என்று அஞ்சிய தாயும், நான்கு வகைப் பேதியைப் பிரித்தறிந்த வங்கதேசப் பெண்ணும், அருவருப்பை வாய்விட்டுச் சொன்ன ஐயோவாவின் இல்லத்தரசியும் தங்கள் தலைவர்களுக்குத் தெரியாத ஒன்றைத் தெரிந்து வைத்திருந்தார்கள். அதைக் கற்றுக்கொண்ட பிறகுதான் அந்தத் தலைவர்களால் அவர்களுக்கு எதையாவது கற்பிக்க முடிந்தது. செல்வாக்கு என்பது அந்த வரிசையில்தான் பிறக்கிறது. வரிசையை மாற்றிப் போட்டுக் குறுக்குவழி தேடியவர்களுக்கு எண்ணிக்கை கிடைத்தது, மனிதர்கள் கிடைக்கவில்லை.